கேட்காமல் சொல்ல வேண்டிய சொல்

பெய்னிஷ் எழுதும் புத்தகங்களில் ரப்பிக்கு மனைவி கிடையாது. முதல் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்திலேயே அவள் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த மனைவி நான்தான். வெள்ளிக்கிழமைதோறும் வார்சாவிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் அந்தத் துப்பறியும் புத்தகங்களை எங்கள் லிப்கோவ் ஊர் யூதப் பெண்கள் மீனோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் சந்தையில் என்னைப் பார்த்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், செத்தவள் வந்து வெங்காயத்துக்குப் பேரம் பேசுகிறாளே என்று.

"ஏன்டா என்னைக் கொன்னே?" என்று ஒருமுறை அவனைப் பிடித்துக் கேட்டேன். பெய்னிஷ் மருந்துக்கடைக்காரரின் மைத்துனன். உள்ளூரில் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யாமல், வார்சாவுக்குப் போய் எழுத்தாளனாகிவிட்டவன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. துப்பறியிறவனுக்குப் பொண்டாட்டி இருந்தா கதை நகராது. அவன் தடயத்தைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருப்பான், அவ 'சூப்பு ஆறிப்போகுது வாங்க'ன்னு கூப்பிடுவா."

அதில் உண்மை இருக்கிறது. நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

புத்தகத்து ரப்பி நெடுநெடுவென்று உயரம், பருந்துப் பார்வை. என் வீட்டு ரப்பி, அதாவது ஊர் மதகுருவான என் புருஷன் அவிக்தோர், குள்ளம், கிட்டப்பார்வை, பன்னிரண்டு மாதமும் சளி. மூளை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், அதை நான் மறுக்கவில்லை. பெய்னிஷுக்குப் பிழைப்பு கிடைத்ததே எங்கள் ஊர்க் குதிரைத் திருட்டிலிருந்துதான். பால்காரரின் குதிரை காணாமல் போனது ஆப் மாதம் ஒன்பதாம் நாள், பழங்காலத்தில் எங்கள் பேராலயம் இடிக்கப்பட்டதற்காக நாங்கள் பட்டினி கிடந்து அழும் நாள். எல்லோரும் சந்தேகப்பட்ட ஆள் நெஞ்சில் அடித்துக்கொண்டான். "நானா? அன்னிக்குக் காலையில நான் பக்கத்து ஊர் ஜெப ஆலயத்துல தெஃபிலின் கட்டிக்கிட்டு ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்!" என் வீட்டுக்காரர் மூக்கைச் சிந்திவிட்டு, "குதிரையை எங்க கட்டி வச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டார். தெஃபிலின் என்ற அந்தத் தோல்வாரை வருஷம் முழுக்கக் காலையில்தான் கையிலும் நெற்றியிலும் கட்டுவோம். அந்த ஒரு நாள் மட்டும் துக்கம் என்று பிற்பகலுக்குத் தள்ளிவிடுவோம். ஆலயத்துப் பக்கம் போயிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். குதிரை சாயங்காலத்துக்குள் வீடு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு ஊருக்குள் எது தொலைந்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அவருக்கும் அதில் ருசி வந்துவிட்டது. தாடியைத் தடவிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார், எதிரே நிற்பவன் வெளிறிப் போவான். இராத்திரிச் சாப்பாட்டின்போது அந்தக் கேள்வியை எனக்கு இரண்டு தடவை சொல்லிக் காட்டுவார். நானும் பெருமைப்பட்டேன். புருஷனுக்குப் பெயர் வந்தால் எந்தப் பெண்டாட்டிக்குக் கசக்கும்?

ஹென்யாவின் விஷயத்தையும் பெய்னிஷ் எழுதினான். அது அச்சாகி ஊர் ஊராகப் போய்விட்டது. அதில் இல்லாததை நான் சொல்கிறேன்.

ஹென்யா வளைய ரொட்டி சுட்டு விற்பவள். அவள் புருஷன் வெல்வெல் மரவியாபாரி ஒருவரிடம் கணக்குப்பிள்ளை. பனி உருகி பூக் ஆற்றில் தண்ணீர் ஏறியதும் மரங்களைத் தெப்பமாகக் கட்டி டான்சிக் துறைமுகம் வரை ஓட்டிக்கொண்டு போவார்கள். மரம் களவு போகாமல் பார்த்துக்கொள்ள வெல்வெல்லும் கூடவே போவான். ஒரு வருஷம் தெப்பம் போய்ச் சேர்ந்தது, அவன் போய்ச் சேரவில்லை. ஆற்றில் விழுந்துவிட்டான் என்றார்கள் சிலர். டான்சிக்கில் ஒருத்தியோடு கப்பல் ஏறினதைப் பார்த்தோம் என்றார்கள் வேறு சிலர். பிணத்தை யாரும் பார்க்கவில்லை.

எங்கள் சட்டத்தில் ஒரு பெண்டாட்டி விடுபட இரண்டே வழி. புருஷன் தன் கையால் விலக்குச் சீட்டு தர வேண்டும், இல்லையென்றால் அவன் செத்தான் என்பது தீர வேண்டும். ஆற்றோடு போனான், திரும்பவில்லை என்பது சாவு ஆகாது. எங்கேயோ கரையேறியிருக்கலாம் அல்லவா? அப்படி நிற்பவளை அகுனா என்போம், கட்டுண்டவள். ஏழு வருஷமாக ஹென்யா அப்படி நின்றாள். விதவை என்றும் சொல்ல முடியாது, வாழாவெட்டி என்றும் சொல்ல முடியாது. வாய் மட்டும் அடங்கவில்லை அவளுக்கு.

"வெல்வெல் உயிரோட வந்தா நானே கொன்னுடுவேன் ரப்பியம்மா. அப்பவாவது ஒரு சாட்சி கிடைக்கும்ல" என்பாள்.

ஏழாம் வருஷம் சேணம் தைக்கிற கப்ரியேல் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டான். பெண்டாட்டியை இழந்தவன், இரண்டு பெண் குழந்தைகள். நல்லவன். ரொட்டி வாங்க வந்து வாங்காமலே நின்றுகொண்டிருப்பான். கூடாரப் பண்டிகை வரை காத்திருக்கிறேன் என்றான். குளிர்காலத்துக்கு முன் வீட்டுக்கு ஒரு பெண் வேண்டும், குழந்தைகள் தலை வாராமல் திரிகிறார்கள் என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஹென்யாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. பெற்றுக்கொள்ள இன்னும் காலம் இருந்தது, நிறைய இல்லை.

அவள் நேரே என் வீட்டுக்கு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"ரப்பி, ஊர்ல காணாமப் போன கோழியெல்லாம் கண்டுபிடிக்கிறீங்க. என் புருஷனையும் கண்டுபிடிச்சுக் குடுங்க. உயிரோட வேண்டாம்."

அவர் சிரிக்கவில்லை. புத்தகங்களை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தார். அப்புறம் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். மற்ற வழக்குக்கெல்லாம் இரண்டு ஆண் சாட்சி வேண்டும். அகுனாவுக்கு மட்டும் பெரியவர்கள் இரக்கப்பட்டு வாசலை அகலமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரே சாட்சி போதும். பெண்ணாக இருந்தாலும் போதும். நம் ஆள் இல்லாத ஒருவன் சொன்னாலும்கூடப் போதும்.

"ஆனா அவன் சாட்சி சொல்ல வரக்கூடாது. பேச்சோட பேச்சா, அறியாம, தானா சொல்லணும். 'இன்னார் செத்துட்டான் பாவம், நான்தான் பொதைச்சேன்'னு அவன் வாயில தானா வந்து விழணும். நாம கேட்டுட்டோம்னா தீர்ந்துச்சு. அது செல்லாது."

"கேட்கக்கூடாதா?" என்றேன்.

"கேட்கக்கூடாது."

"நீங்க? கேட்காம?" எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆட்டை இலை தழையில வாய் வைக்காம நில்லுன்னு சொன்ன மாதிரி இருக்கு."

"சிரி, சிரி" என்றார்.

மறுநாளிலிருந்து என் புருஷன் ஆற்றங்கரைச் சாராயக்கடைக்குப் போக ஆரம்பித்தார். கடை எங்கள் ஆளான மெனாஷேயுடையது, குடிப்பவர்கள் தெப்பக்காரர்கள். அவர் ஓரத்தில் ஒரு தேநீரை வைத்துக்கொண்டு தோரா வேதப் புத்தகத்தை விரித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊர்ப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். "ரப்பியம்மா, வீட்ல ஏதாவது சண்டையா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமாடி, நான்தான் செத்துட்டேனே, பாவம் மனுஷன் என்ன பண்ணுவார்" என்றேன்.

ஒரு நாள் மதியம் மூச்சு வாங்க ஓடி வந்தார். சூப்பை வைத்தேன், கரண்டியைத் தொடவில்லை.

"ரெய்ட்ஸா, ஒருத்தன் கோட்டு போட்டிருக்கான்."

"ஆத்துக் காத்துக்குக் கோட்டுதான் போடுவாங்க."

"வலது பக்கம் மேல!"

எனக்குப் புரிந்துவிட்டது. நம் ஆண்கள் கோட்டில் வலது பக்கம் இடதுக்கு மேலே வந்து பொத்தான் பூட்டும், வலது ஒசத்தி என்று. மற்ற எல்லா ஆண்களுக்கும் இடதுதான் மேலே. தெப்பக்காரன் ஓஸ்டாப்பின் மேல் கிடந்தது நம் ஆள் ஒருவனுடைய கோட்டு. முட்டியோடு வெட்டிக் குட்டையாக்கியிருந்தான், பொத்தானை மாற்ற முடியாதே.

ஹென்யாவை ரொட்டிக் கூடையோடு கரைக்கு அனுப்பினோம். திரும்பி வந்து ஒரு செம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள்.

"அவரோடதுதான். அக்குள்ல கிழிஞ்சிருந்துச்சு. கறுப்பு நூல் இல்லேன்னு நான் பச்சை நூல்ல தச்சேன். அன்னிக்கு அதுக்காக எங்கூட சண்டை போட்டார்." அவ்வளவுதான் சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அழவில்லை, உடம்பு மட்டும் விறைத்திருந்தது.

"கோட்டு பத்தாது" என்றார் இவர் கதவோரத்திலிருந்து. "கோட்டை விக்கலாம், இரவல் குடுக்கலாம், சீட்டாட்டத்துல தோக்கலாம்."

"எம் புருஷன் சீட்டைக் கண்ணால பார்த்ததில்ல ரப்பி."

"சட்டத்துக்கு அது தெரியாதும்மா."

ஆள் யார் என்று தெரிந்துபோயிற்று. அவன் வாய் தானாகத் திறக்க வேண்டும், அதுதான் பாக்கி. கோடை முழுக்க, தெப்பம் வந்து நிற்கும்போதெல்லாம், என் புருஷன் ஓஸ்டாப்புக்கு எதிரில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேசினார். தெப்பக்காரர்களின் வீட்டு நாய்கள் பெயர் வரைக்கும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஆறு பொல்லாதது" என்பார், வானத்தைப் பார்த்துக்கொண்டு. "ஆமாங்க ஐயா" என்பான் அவன், துப்பிவிட்டு. ஒருமுறை, "அந்தப் பெரிய வெள்ளத்துல பாருங்க ரப்பி ஐயா, ஒண்ணு மிதந்து வந்துச்சு" என்று அவன் ஆரம்பிக்க, இவருக்கு மூச்சே நின்றுவிட்டதாம். "நல்லாக் கொழுத்த பன்னி!" என்று முடித்தானாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஹென்யாவும் சிரித்தாள். அந்தக் கோடையில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கப்ரியேலின் சின்னப் பெண்ணுக்கு ஒரு கவுன் தைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பெய்னிஷ் ஊருக்கு வந்து தொலைந்தான். சாராயக்கடையில் ரப்பி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. எங்கள் மூலம் விஷயம் தெரிந்திருந்த கடைக்கார மெனாஷே ஓட்டைவாய். மூன்றாவது கோப்பையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பெய்னிஷ் வார்சாவுக்குத் திரும்பின கொஞ்ச நாளில் புத்தகம் வந்துவிட்டது, முதல் பாகம். வெல்வெல்லுக்கு மெண்டெல் என்று பெயர், பச்சை நூல் சிவப்பு நூலாகியிருந்தது, மற்றதெல்லாம் அப்படியே. 'யாரும் கேட்காமல் அவன் சொல்வானா?' என்று அட்டையில் கொட்டை எழுத்து. மெனாஷே அதைத் தெப்பக்காரர்களுக்கு அவர்கள் பாஷையில் வாசித்துக் காட்டிக் கைதட்டு வாங்கினான்.

நான் நேரே கடைக்குப் போனேன். "உன் வாயில மண்ணு விழ! ஒரு பொண்ணோட வாழ்க்கைடா அது! உனக்குச் சாராயத்துக்குத் தொட்டுக்க ஊறுகாயா?"

"நல்லதுதானே ரப்பியம்மா, எல்லாருக்கும் தெரிஞ்சா யாராவது சொல்லுவாங்கல்ல?" என்றான் அந்த மடையன்.

வீட்டில் இவர் முகம் செத்துப்போயிருந்தது. "இனிமே இந்தக் கரையில எவன் சொன்னாலும் அது அறியாம சொன்ன சொல்லு இல்ல" என்றார். ஒரே ஒரு ஆறுதல், ஓஸ்டாப் அப்போது ஊரில் இல்லை. புத்தகம் வருவதற்கு முன்பே டான்சிக்குக்குத் தெப்பம் ஓட்டிப் போய்விட்டான். அவன் திரும்பியதும் அவன் காதில் இது விழக்கூடாது என்று மெனாஷேயிடம் சத்தியம் வாங்கினோம். தாடியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தான்.

கூடாரப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற எங்கள் புத்தாண்டுக்கு முந்தின வாரம், காலையில், நானும் ஹென்யாவும் சமையலறையில் பண்டிகை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தோம். வாசலில் கனமான காலடிச் சத்தம். ஓஸ்டாப். குளித்து, தலை வாரி, அந்தக் கோட்டையே துலக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இவருடைய அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு பாதிக் கதவுதான். நாங்கள் இருவரும் மாவுக் கையோடு அப்படியே நின்றுவிட்டோம்.

"உக்காருப்பா ஓஸ்டாப்" என்றார் இவர்.

அவன் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.

"ரப்பி ஐயா, உங்க ஆளு வெல்வெல் இருந்தாரே, மரக்கணக்கு பார்க்கிறவரு. அவரு செத்துட்டாரு. ஆறு வளையிற எடத்துல தெப்பம் அறுந்துபோச்சு, விழுந்துட்டாரு. மறுநாள் நான்தான் இழுத்துப் போட்டேன். மூஞ்சியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, மூக்கு நெத்தி எல்லாம் அவருதான். வில்லோ மரத்தடியில நானே குழி வெட்டிப் பொதைச்சேன். கோட்டை மட்டும் எடுத்துக்கிட்டேன், செத்தவருக்குக் குளிராதேன்னு."

எல்லாம் இருந்தது. பெயர் இருந்தது, அடையாளத்துக்குச் சட்டம் கேட்கிற மூக்கும் நெற்றியும் இருந்தது, புதைத்தேன் என்ற சொல் இருந்தது. யாரும் கேட்கவில்லை. ஹென்யாவின் கை என் கையைப் பிடித்தது. இரண்டு கையும் மாவு, பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. ஏழு வருஷத்துக் கட்டு அவிழ்ந்தது என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர் வாயைத் திறக்காமல் எழுந்து அவனுக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டால் போதும். பக்கத்து ஊர் ரப்பிகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் கூடாரப் பண்டிகை கழிந்த கையோடு கல்யாணம்.

கதவிடுக்கில் இவர் முகம் தெரிந்தது. தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் இருமினேன். சட்டியைத் தரையில் போட்டேன். சட்டி உருண்டு கதவில் முட்டியது. அவர் காதில் எதுவும் விழவில்லை.

"ஓஸ்டாப்" என்றார், "இத்தனை வருஷம் சொல்லாதவன், இன்னிக்கு ஏன்ப்பா சொல்றே?"

பாவி மனுஷன். கேட்டுவிட்டார்.

ஓஸ்டாப்பின் முகம் மலர்ந்தது. நல்ல காரியம் செய்தவனுக்கு அதைச் சொல்லிக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் மலராதா? "மெனாஷே சொன்னாருங்க. புஸ்தகத்துல வந்திருக்காமே, நான் தானா வந்து சொன்னா அந்தம்மாவுக்கு விடுதலையாமே. அந்தம்மா ரொட்டி விக்க வர்றப்ப என் கோட்டையே பார்த்துக்கிட்டு நிக்கும். எனக்குப் பாவமாப் போச்சு. இத்தனை நாள் கோட்டைக் களவாண்டேன்னு பிடிச்சுக் குடுத்துடுவீங்களோன்னு பயம். இப்ப தைரியமா வந்துட்டேன். யாரும் கேக்கலைங்க ஐயா, நானாத்தான் சொன்னேன். செல்லும்ல?"

என் வீட்டுக்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஓஸ்டாப்புக்கு ஒன்றும் புரியவில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் மடித்து வைத்துவிட்டு, சட்டையோடு வெளியே போனான்.

அன்று நான் போட்ட சண்டையை என் ஆயுளில் போட்டதில்லை.

"ஏன் கேட்டீங்க? ஏன்?"

"எல்லாம் ரொம்பச் சரியா இருந்துச்சு ரெய்ட்ஸா. மூக்கு, நெத்தி, பொதைச்சேன்... அப்படியே சட்டப் புஸ்தகம் பேசுற மாதிரி. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்! சந்தேகத்தை வயித்துக்குள்ள வச்சுக்க முடியலையா? எத்தனை பெரியவங்க இதுக்குன்னே அரைக் காதோட கேட்டிருக்காங்க!"

"கேட்காம இருக்க முடியல" என்றார். சின்னக் குரலில்தான் சொன்னார். அதுதான் நிஜம். சட்டமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தடயத்தைப் பார்த்தால் கேள்வி வந்துவிடும், தும்மல் வருகிற மாதிரி. ஊர் கைதட்டிக் கைதட்டி வளர்த்த வியாதி. நானும்தான் தட்டினேன்.

அவர் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஓஸ்டாப்பைக் கூட்டிக்கொண்டு அந்த வளைவுக்குப் போனார். கரையை ஆறு எப்போதோ தின்றுவிட்டிருந்தது, மரமும் இல்லை குழியும் இல்லை. பெரிய ஊர்களுக்குப் போய்ப் பெரிய ரப்பிகளின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். ஏதாவது ஒரு இடுக்கில் வழி இருக்குமா என்று அவர்களும் தேடினார்கள். அந்த ஆள் அவளை விடுவிக்கவே வந்தேன் என்று தன் வாயால் சொல்லிவிட்டானே. கடைசியாகப் போன இடத்தில் ஒரு கிழவர் சொன்னாராம், "நீங்க கேக்காம இருந்திருந்தா, உங்களை நாங்களும் கேட்டிருக்க மாட்டோம்." அதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டு, ஓய்வுநாள் ரொட்டியைக்கூடத் தொடாமல் படுத்துவிட்டார்.

நான் ஹென்யாவின் வீட்டுக்குப் போனேன்.

"இந்த விஷயத்துல பொம்பளை சாட்சியும் செல்லும். நம்மள யாருக்கும் தெரியாத ஊருக்குப் போவோம். ஓஸ்டாப் சொன்னதை என் காதால கேட்டேன்னு நான் சொல்றேன். அவன் பொதைச்சேன்னு சொன்ன வரைக்கும். அதுக்கு மேல சொல்லல."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அடுப்பில் ரொட்டி கருகுகிற வரைக்கும்.

"வேணாம் ரப்பியம்மா. புஸ்தகம் எல்லா ஊர்லயும் கெடக்கு. என்னிக்காவது ஒரு நாள் எவனாவது ரெண்டையும் சேர்த்துப் பார்ப்பான். அன்னிக்கு என் வயித்துல பொறந்ததை முறைகேடாப் பொறந்ததும்பாங்க. அதுக்குக் கல்யாணம் கிடையாது, அதோட புள்ளைக்கும் கிடையாது. பாதிப் புருஷனை வச்சுக்கிட்டு நான் பட்டது போதும். பாதிச் சாட்சியை வச்சுக்கிட்டு அதுங்க படவேணாம்."

கப்ரியேல் பண்டிகை முடிந்ததும் வேறு ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்தக் கவுனை ஹென்யாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். பெய்னிஷின் கடைசிப் பாகம் அதற்கு அடுத்த வாரம் வந்தது. அதில் ரப்பி கேள்வியை விழுங்கிக்கொண்டு கண்ணை மூடுகிறார், கல்யாணம் நடக்கிறது, ஊரே ஆடுகிறது. நடந்தது என்னவென்று அவனுக்குத் தெரியும், மெனாஷே கடிதம் போட்டிருந்தான். நான் கேட்டதற்கு, "ஜனங்க கல்யாணம்தான் கேக்கிறாங்கக்கா" என்றான். வெளியூர்ச் சந்தைக்காரிகள் ஹென்யாவிடம் ரொட்டி வாங்கிக்கொண்டு, "அந்தக் கதையில வர்றவ நீதானாமே, மகராசியா இரு" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

முதல் பனி விழுந்த அன்று ஹென்யா இவரைப் பார்க்க வந்தாள். நானும் அறையில் இருந்தேன்.

"ரப்பி, ஒண்ணு கேக்கணும். ஓஸ்டாப்புக்கு என் மேல இரக்கம் வராம, குடிச்சுட்டு எங்கேயாவது உளறியிருந்தான்னா, எனக்கு விடுதலை கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்கும்" என்றார்.

"நீங்க கொஞ்சம் மக்கா இருந்திருந்தா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்பவும் கிடைச்சிருக்கும்."

"பாருங்க. ஒரு நல்லவனும் ஒரு புத்திசாலியும் சேர்ந்து என்னை என்ன பண்ணிட்டீங்கன்னு."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. முந்தானை மாதிரிப் போர்த்தியிருந்த சால்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள்.

"சரி, போகட்டும். அவர் செத்தது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். துக்கமாவது உக்காரவா? சாவு நடந்து ரொம்ப நாள் கழிச்சுச் சேதி வந்தா ஏழு நாள் வேணாம், ஒரு மணி நேரம் செருப்பைக் கழட்டிட்டுத் தரையில உக்காந்தாப் போதும்பாங்களே. அந்த ஒரு மணி நேரம்?"

"கூடாதும்மா. நீ துக்கம் உக்காந்தா ஜனங்க உன்னை விதவைன்னு நெனைச்சுக்குவாங்க. கட்டுலேர்ந்து விடுபட்டவன்னு நெனைச்சு எவனாவது கல்யாணம் பேச வந்துடுவான். அதனால..."

"அழவும் கூடாது."

"வெளியில தெரியிற மாதிரி கூடாது."

ஹென்யா எழுந்து சமையலறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் காலணியைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். உருளைக்கிழங்குக் கூடையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வெறுந்தரையில் உட்கார்ந்தாள். எவர் வந்து பார்த்தாலும் கிழங்கு சீவுகிறாள் என்றுதான் சொல்வார்கள். ஒரு கிழங்கைக்கூட அவள் சீவவில்லை. கண்ணீர் கிழங்கின் மேல் விழுந்து மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

வெகு நேரம் கழித்து இவர் தேநீருக்காகக் கதவைத் திறந்தார். காலணியைப் பார்த்தார். வெறுங்காலைப் பார்த்தார். கத்தியையும், தோல் சீவாத கிழங்கையும் பார்த்தார். இதைவிடக் குறைச்சலான தடயத்தில் குதிரை பிடித்த மனுஷன். வாயைத் திறந்தார். நான் கரண்டியை ஓங்கினேன். அவர் வாயை மூடிக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அந்த வாய்க்கு மூடத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்து யாருக்கு என்ன லாபம்?

ஹென்யா நிமிராமலே கேட்டாள். "ஒரு மணி நேரம் ஆயிடுச்சா, ரப்பியம்மா?"

ஆகி ரொம்ப நேரமாகியிருந்தது. "இன்னும் இல்லம்மா" என்றேன். "உக்காரு."